ஜேர்மனியில் பெயரையும் பால்நிலைப் பதிவையும் மாற்றுவது: தமிழ்த் திருநருக்கான முழுமையான வழிகாட்டி

ஜேர்மனியில் பெயரையும் பால்நிலைப் பதிவையும் மாற்ற 2024 நவம்பர் 1 முதல் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. மருத்துவச் சான்று தேவையில்லை, ஏன் மாற்றுகிறீர்கள் என்று யாருக்கும் விளக்க வேண்டியதும் இல்லை. ஸ்டாண்டெஸ்அம்ட் என்னும் குடிசார் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே அறிவித்து, மூன்று மாதம் காத்திருந்து, நேரில் போய்க் கையெழுத்திட்டால் சட்டம் கேட்பது முடிந்தது.

இதை விளக்கும் ஜேர்மன் மொழிப் பக்கங்கள் நிறைய உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஜேர்மன் கடவுச்சீட்டு வைத்திருப்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இலங்கைக் கடவுச்சீட்டோ, அகதிப் பயண ஆவணமோ, உயர்தகுதி வேலைக்கான புளூ கார்டோ, முடிவு வராத தஞ்ச வழக்கோ உள்ளவருக்கு அதே சட்டம் வேறு மாதிரி வேலை செய்கிறது. அதனால் நான் சொல்வது இதுதான்: கையெழுத்துப் போடும் நாளிலிருந்து யோசிக்கத் தொடங்காதீர்கள். உங்கள் ஆவணங்களில் மாற்றுவதற்கு மிகச் சிரமமானது எது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். நம்மில் பலருக்கு அது கடவுச்சீட்டு.

பழைய கதைகளைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்

1981 முதல் 2024 வரை இருந்தது வேறு சட்டம். அப்போது மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு, இரண்டு நிபுணர்களின் மதிப்பீட்டு அறிக்கைகளுக்குக் காத்திருக்க வேண்டும். குழந்தைப் பருவம் முதல் படுக்கையறை வரை கேள்வி கேட்டார்கள் என்று அந்த வழியில் போனவர்கள் சொல்வார்கள். நீதிமன்றச் செலவும் அறிக்கைச் செலவும் சேர்த்துச் சராசரியாக 1,868 யூரோ ஆனது என்று குடும்ப நல அமைச்சுக்காக நடந்த ஆய்வு கணக்கிட்டது. தொடக்கத்தில் இதைவிட மோசம். திருமணமானவர் விவாகரத்துப் பெற வேண்டும், அறுவைச் சிகிச்சை செய்து குழந்தை பெற முடியாதவராக வேண்டும் என்ற நிபந்தனைகள் இருந்தன. அரசியலமைப்பு நீதிமன்றம் முதலாவதை 2008இலும் இரண்டாவதை 2011இலும் தூக்கி எறிந்தது.

2024 ஏப்ரல் 12 அன்று நாடாளுமன்றம் 374 வாக்குகளால் சுயநிர்ணயச் சட்டத்தை நிறைவேற்றியது. செல்ப்ஸ்ட்பெஸ்டிம்முங்ஸ்கெஸெட்ஸ் என்பது அதன் பெயர். 2025இல் அமைந்த கூட்டணி அரசு இதை 2026 ஜூலை 31க்குள் மதிப்பாய்வு செய்வதாகத் தன் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. அதனால் நீங்கள் தொடங்கும் நாளில் சட்ட வாசகத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீதி அமைச்சின் சட்டத் தளத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது.

முதல் வேலை: உங்கள் வதிவிட நிலையைப் பாருங்கள்

ஜேர்மன் குடியுரிமை இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

வெளிநாட்டவருக்குச் சட்டத்தின் முதலாவது பிரிவிலேயே ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். நிரந்தர வதிவிட உரிமை, நீட்டிக்கக்கூடிய வதிவிட அனுமதி, புளூ கார்டு ஆகிய மூன்றில் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். அகதி அந்தஸ்தோ துணைப் பாதுகாப்போ கிடைத்தவர்களிடம் இருப்பது நீட்டிக்கக்கூடிய வதிவிட அனுமதிதான். குடும்ப இணைப்பில் வந்தவர்கள், நீட்டிக்கக்கூடிய அனுமதியில் படிக்கும் மாணவர்கள், புளூ கார்டில் வேலை செய்யும் சென்னைக்காரர்கள், கோயம்புத்தூர்க்காரர்கள் எல்லோரும் உள்ளே வரலாம்.

வெளியே நிற்பவர்கள், தஞ்ச வழக்கு நடந்துகொண்டிருப்பதால் வெறும் தங்கல் அனுமதி மட்டும் வைத்திருப்பவர்களும், டுல்டுங் என்னும், நாடுகடத்தலைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் பத்திரம் வைத்திருப்பவர்களும்தான். யாருக்கு இந்தச் சட்டம் மிக அவசரமாகத் தேவையோ அவர்களில் ஒரு பகுதியினர் வாசலில் நிறுத்தப்பட்டது என் பார்வையில் இதன் பெரிய குறை. அவர்கள் இப்போது என்ன செய்யலாம் என்று கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வதிவிட உரிமை பறிபோகும் நிகழ்வுக்கு முந்தைய இரண்டு மாதங்களுக்குள் முன்னறிவிப்புக் கொடுத்திருந்தால், பழைய பதிவே செல்லும் என்கிறது சட்டம். நாடுகடத்தலைத் தடுக்க இதைப் பயன்படுத்துவார்கள் என்ற சந்தேகத்தில் எழுதிய வரி. வழமையான விசா நீட்டிப்பில் இருப்பவர் இதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. ஆனாலும் அனுமதி முடியப்போகிறது என்றால் முதலில் நீட்டித்துவிட்டு அப்புறம் முன்னறிவிப்புக் கொடுப்பதே நிம்மதி.

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் ஸ்டாண்டெஸ்அம்ட்டில் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். ஒருவரின் பால்நிலையை எந்த நாட்டுச் சட்டம் தீர்மானிக்கும் என்றால், அவர் எந்த நாட்டுக் குடிமகனோ அந்த நாட்டுச் சட்டம் என்பதே பொது விதி. ஆனால் ஜேர்மனியில் வழக்கமாக வசிப்பவர் ஜேர்மன் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பெயருக்கும் அப்படியே. இந்தத் தேர்வை வாயால் சொன்னால் போதாது, அறிக்கையில் பதிய வேண்டும். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோடு வருபவர்களை அடிக்கடி பார்க்காத சின்ன ஊர் அலுவலகம் இதை மறந்துவிடலாம். நீங்களே நினைவூட்டுங்கள்.

எந்தப் பதிவு வேண்டும்

பெண், ஆண், டிவெர்ஸ் (இரண்டும் அல்லாத பதிவு), எதுவுமே இல்லை என நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். டிவெர்ஸ் என்பது அரசியலமைப்பு நீதிமன்றத்தின் 2017 அக்டோபர் தீர்ப்பின் விளைவாக 2018 டிசம்பரில் வந்தது. அப்போது இடைப்பாலினருக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள், இப்போது எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

ஜேர்மன் கடவுச்சீட்டில் டிவெர்ஸுக்கும் வெற்றுப் பதிவுக்கும் எக்ஸ் என்றுதான் அச்சாகும். எக்ஸ் போட்ட கடவுச்சீட்டோடு கொழும்பிலோ துபாயிலோ இறங்கினால் குடிவரவு மேசையில் என்ன நடக்கும் என்று யோசித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மனதுக்கு அதுதான் சரி என்றால் அதையே எடுங்கள். பயணத்தின்போது என்ன செய்வது என்பதை மட்டும் தனியாகத் திட்டமிடுங்கள். ஜேர்மன் அடையாள அட்டையான பெர்ஸோனால்அவுஸ்வைஸில் பால்நிலை என்ற கட்டமே கிடையாது. ஐரோப்பாவுக்குள் அந்த அட்டையே பல இடங்களில் போதும்.

பெயர்: நம்மவருக்கு இங்கேதான் கேள்வி வரும்

இந்தச் சட்டம் முற்பெயரை மட்டும் மாற்றும், குடும்பப் பெயரைத் தொடாது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று இங்கே பதிவாகியிருப்பது அப்பாவின் பெயர். மகள் என்று வாழ்பவரின் பெயருக்குப் பின்னால் சிவகுமாரோ கனகலிங்கமோ அப்படியே இருக்கும். அதனால் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. இங்கே ஜேர்மன் பெண்களுக்கும் அப்படித்தானே, ஹெர்மன் என்ற குடும்பப் பெயரோடு எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள்.

முற்பெயர் நீங்கள் தேர்ந்த பால்நிலைப் பதிவுக்குப் பொருந்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கவிதா, மாதவன் போன்ற பெயர்களை அதிகாரி இணையத்தில் தேடியே கண்டுபிடித்துவிடுவார். சிக்கல் வருவது இன்பம், கதிர், தமிழ், நிலா மாதிரியான பெயர்களில். அப்போது இரண்டு ஆயுதங்கள் உங்களிடம் உண்டு. முதலாவது, 2008 டிசம்பர் 5 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. இந்தியப் பின்னணியுள்ள ஒரு குடும்பம் தங்கள் மகளுக்குக் கிரண் என்று பெயர் வைத்தபோது, அது பெண்பெயர் என்று தெளிவாகத் தெரியவில்லை என்று அலுவலகம் மறுத்தது. இருபாலுக்கும் பொதுவான பெயரை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். இரண்டாவது, வீஸ்பாடனில் உள்ள ஜேர்மன் மொழிச் சங்கம். பெயர்களைப் பற்றி எழுத்தில் கருத்துரை தருவார்கள், கட்டணம் உண்டு. அலுவலகங்கள் அதைப் பெரும்பாலும் மதிக்கின்றன.

எழுத்துக்கூட்டலை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள். ஜெயா என்று பெயர் வைத்து ஆங்கில வழக்கப்படி ஜே எழுத்தில் தொடங்கினால், வாழ்நாள் முழுக்க மருத்துவமனையில் உங்களை யாயா என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழ்ப் பெயரில் டி, எச் எழுத்துகள் சேர்ந்து வந்தால் அதை ட் என்று வாசிப்பார்கள். பிறகு எழுத்தைத் திருத்துவது தனி வழக்கு, தனிச் செலவு.

முன்னறிவிப்பு, காத்திருப்பு, கையெழுத்து

எந்த ஸ்டாண்டெஸ்அம்ட்டில் கையெழுத்திடப் போகிறீர்களோ அங்கேயே முன்னறிவிப்பையும் கொடுக்க வேண்டும். நேரில் போய்ச் சொல்லலாம், கடிதமாகவும் அனுப்பலாம். பெரிய நகரங்களில் இதற்குத் தனிப் படிவமே வைத்திருக்கிறார்கள். அது வந்து சேர்ந்த தேதியிலிருந்து மூன்று மாதம் ஓடும். எந்தக் காரணம் சொன்னாலும் அது குறையாது. மறுபக்கம், முன்னறிவிப்புக் கொடுத்து ஆறு மாதத்துக்குள் நேரில் அறிக்கை கொடுக்காவிட்டால் எல்லாம் காலாவதியாகி மறுபடி முதலிலிருந்து வரும். ஆக, உங்களுக்குக் கிடைப்பது மூன்றாவது மாத முடிவுக்கும் ஆறாவது மாத முடிவுக்கும் இடைப்பட்ட காலம். பெர்லின், கெல்ன் மாதிரி இடங்களில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. முன்னறிவிப்புக் கொடுத்த அன்றே கையெழுத்துக்கான நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊர் ஸ்டாண்டெஸ்அம்ட்டிலும் அறிக்கை கொடுக்கலாம். பொறுப்பான அலுவலகத்துக்கு அவர்கள் அனுப்பிவிடுவார்கள். ஜேர்மனியில் பிறந்தவருக்குப் பொறுப்பானது பிறப்பைப் பதிந்த அலுவலகம். இங்கே பிறக்காதவருக்கு, இங்கே திருமணப் பதிவு இருந்தால் அந்த அலுவலகம், அதுவும் இல்லையென்றால் வசிக்கும் ஊர் அலுவலகம். நம்மவர் நிறையப் பேர் வாழும் நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் சிற்றூர்களில், ஸ்டாண்டெஸ்அம்ட்டில் உட்கார்ந்திருப்பவர் அக்காவோடு ஒன்றாகப் படித்தவராகக்கூட இருக்கலாம். அப்படித் தயக்கம் இருந்தால் பக்கத்து நகரத்துக்குப் போவதில் தவறே இல்லை.

என்ன ஆவணம் கேட்பார்கள் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். கடவுச்சீட்டு அல்லது பயண ஆவணம், வதிவிட அட்டை, பிறப்புச் சான்றிதழ் இவை எப்படியும் வரும். திருமணமானவர்கள், குழந்தை உள்ளவர்கள் அந்தச் சான்றிதழ்களையும் எடுத்துப் போக வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் உள்ள பிறப்புச் சான்றிதழுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு வேண்டும். போரில் ஆவணங்களைத் தொலைத்தவர்கள், பிறந்த தேதியோ பெயரோ ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருப்பவர்கள், அதை முன்னறிவிப்போடு சேர்த்தே மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள். மூன்று மாதக் காத்திருப்பை இந்தச் சிக்கலைத் தீர்க்கும் காலமாக ஆக்கிக்கொள்ளலாம். கையெழுத்து நாளில் தெரிய வந்தால் அன்றைய நேரமே வீணாகும்.

அந்த நாளில் நீங்கள் இரண்டு விஷயங்களை உறுதியளிக்கிறீர்கள். தேர்ந்த பதிவே உங்கள் பால்நிலை அடையாளத்துக்கு மிகப் பொருத்தமானது, இதன் விளைவுகள் உங்களுக்குத் தெரியும். அவ்வளவே. மேலே யாராவது மருத்துவர் பெயரையோ சிகிச்சை விவரத்தையோ கேட்டால் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. ஜேர்மன் மொழி போதாது என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள். உறவினரை மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். அலுவலகம் ஏற்காது என்பது ஒருபுறம் இருக்க, உங்கள் செய்தி உங்களுக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

வெளியே வரும்போது, மாற்றம் நடந்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். இங்கே பிறப்புப் பதிவு இல்லாதவருக்கு இனி எல்லா இடத்திலும் காட்டப்போகும் ஆவணம் அதுதான். இரண்டு மூன்று பிரதிகள் எடுப்பது நல்லது. மாற்றிய பின் மனம் மாறினால் ஒரு வருடத்துக்குப் பிறகே அடுத்த அறிக்கை கொடுக்கலாம்.

கடவுச்சீட்டு: முதலில் யோசிக்க வேண்டியது

ஜேர்மன் குடிமக்களுக்கு இது சுலபம். பெயர் மாறியதும் பழைய கடவுச்சீட்டும் அடையாள அட்டையும் செல்லுபடியாகாது, புதிதாக எடுக்க வேண்டும். கையெழுத்திட்ட அடுத்த வாரம் யாழ்ப்பாணத்தில் கல்யாணம் என்று விமானச் சீட்டு வாங்கி வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

அகதியாக அங்கீகரிக்கப்பட்டு நீல நிறப் பயண ஆவணம் வைத்திருப்பவர்களும் ஒருவகையில் கொடுத்து வைத்தவர்கள். அந்த ஆவணத்தைத் தருவது ஜேர்மனி, ஆகவே வெளிநாட்டவர் அலுவலகத்திடமே புதியது கேட்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெயர் மாற்றத்துக்காக என்று சொல்லி யாராவது உங்களை இலங்கைத் தூதரகத்துக்குப் போகச் சொன்னால், வழக்கறிஞரிடம் பேசாமல் போகாதீர்கள். சொந்த நாட்டுக் கடவுச்சீட்டை விரும்பி எடுப்பதோ புதுப்பிப்பதோ அகதி அந்தஸ்தையே இழக்கச் செய்யலாம். தஞ்சச் சட்டத்தின் 73ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது.

இலங்கைக் கடவுச்சீட்டோடு வதிவிட அனுமதியில் இருப்பவருக்குத்தான் உண்மையான தலைவலி. ஜேர்மன் பதிவேட்டில் நீங்கள் ஒருவர், கடவுச்சீட்டில் இன்னொருவர். விமானச் சீட்டு கடவுச்சீட்டுப் பெயரில்தான் எடுக்க வேண்டும். வதிவிட அட்டையில் எந்தப் பெயர் எப்படி வரும் என்று வெளிநாட்டவர் அலுவலகத்திடம் முன்னறிவிப்புக் காலத்திலேயே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். இலங்கையிலும் 2016 முதல் ஒரு வழி இருக்கிறது. உளமருத்துவரின் மதிப்பீட்டின் பேரில் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் கிடைக்கும். அதை வைத்துப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிறப்புப் பதிவைத் திருத்தலாம். அதன் பிறகு தேசிய அடையாள அட்டை, கடைசியாகக் கடவுச்சீட்டு. மருத்துவரைக் கடந்துதான் போக வேண்டும், ஜேர்மனியிலிருந்து உட்கார்ந்த இடத்தில் முடிகிற வேலையும் இல்லை. விடுமுறைக்குப் போகும்போது முடித்துவிடலாம் என்று எண்ணிப் போகாதீர்கள். இந்தியக் குடிமக்களுக்கு இந்தியச் சட்டப்படி தனி வழி உண்டு, இங்கே கொடுத்த அறிக்கை அதற்குப் பதிலாகாது.

இந்தச் சிக்கலிலிருந்து முழுதாக வெளியே வர ஒரே பாதை குடியுரிமை. 2024 ஜூன் 27 முதல் ஐந்து வருட வதிவிடத்தோடு விண்ணப்பிக்கலாம், ஜேர்மனியும் பழைய குடியுரிமையைக் கைவிடச் சொல்வதில்லை. ஏற்கெனவே விண்ணப்பித்து முடிவு நெருங்கியிருந்தால், குடியுரிமைப் பத்திரம் கையில் வந்த பிறகு அறிக்கை கொடுங்கள் என்பது என் ஆலோசனை. அடையாளத்தை உறுதிசெய்யும் கட்டத்தில் இரண்டு பெயர்கள் கோப்பில் புகுந்தால் கேள்விகள் பெருகும். ஐந்து வருடம் ஆக இன்னும் நெடுநாள் இருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சில வருடங்கள் கடவுச்சீட்டு முரண்பாட்டோடு வாழ்வதா, அந்த வருடங்கள் முழுக்கப் பிழையான பெயரோடு வாழ்வதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: வெளிநாட்டில் பிறந்த ஜேர்மன் குடிமக்களும், இங்கே வாழும் அங்கீகரிக்கப்பட்ட அகதிகளும் தங்கள் பிறப்பை ஜேர்மன் பிறப்புப் பதிவேட்டில் பிந்திப் பதியக் கேட்கலாம். கிடைத்துவிட்டால் புதிய பெயரில் ஒரு ஜேர்மன் பிறப்புச் சான்றிதழ் கைக்கு வரும். அதன் பிறகு வவுனியாவிலிருந்து வந்த பழைய சான்றிதழை ஒவ்வொரு மேசையிலும் நீட்டி விளக்கம் சொல்லும் வேலை பெரிதும் குறையும். ஆவணங்கள் நிறையக் கேட்பார்கள், நாளும் எடுக்கும். ஆனால் நீண்ட காலத்தில் இதைவிடப் பயனுள்ள ஆவணம் வேறில்லை.

மற்ற ஆவணங்கள்

ஸ்டாண்டெஸ்அம்ட் குடியிருப்புப் பதிவு அலுவலகத்துக்குத் தானே அறிவிக்கும். வரி அடையாள எண் மாறாது. ஓய்வூதியக் காப்புறுதி எண் மாறும், ஏனென்றால் அதில் பால்நிலை மறைந்திருக்கிறது. பத்தாவது, பதினோராவது இலக்கங்கள் 00 முதல் 49 வரை இருந்தால் ஆண், 50 முதல் 99 வரை இருந்தால் பெண். பழைய எண்ணை வேலை இடத்தில் கொடுத்தால், சம்பளப் பிரிவில் விவரம் தெரிந்தவர் பார்த்ததும் புரிந்துகொள்வார். புதிய எண் வந்ததும் முதலாளிக்குக் கொடுங்கள்.

மருத்துவக் காப்புறுதி அட்டை, வங்கி, சாரதி அனுமதிப்பத்திரம், ஷூஃபா என்னும் கடன்தகுதிப் பதிவு, வாடகை ஒப்பந்தம், கைத்தொலைபேசி இவற்றை நீங்களே மாற்ற வேண்டும். பாடசாலை, பல்கலைக்கழகச் சான்றிதழ்கள், தொழிற்பயிற்சி ஒப்பந்தம், பழைய வேலையின் பணிச்சான்று எல்லாவற்றையும் புதிய பெயரில் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. சட்டத்தின் பத்தாவது பிரிவு. செலவு உங்களுடையது. பழைய முதலாளியிடம் போக மனம் வராது என்றாலும் போங்கள். பணிச்சான்றில் பழைய பெயர் இருந்தால் ஒவ்வொரு வேலை விண்ணப்பத்திலும் உங்கள் கதையைச் சொல்ல வேண்டிவரும். இலங்கையில் எழுதிய ஏ லெவல் பெறுபேற்றுக்கு இந்தச் சட்டம் எட்டாது. அதன் மொழிபெயர்ப்போடு ஸ்டாண்டெஸ்அம்ட் சான்றிதழின் பிரதியை இணைத்து வைத்துக்கொள்வதுதான் வழி.

பதினெட்டு வயது ஆகாதவர்கள்

பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர் தானே அறிக்கை கொடுக்கலாம், பெற்றோரின் சம்மதம் வேண்டும். பெற்றோர் மறுத்தால் குடும்ப நீதிமன்றம், பிள்ளையின் நலனுக்கு எதிரானது அல்ல என்று கண்டால், சம்மதத்தைத் தானே வழங்கும். ஆலோசனை பெற்றதாகப் பிள்ளை உறுதியளிக்க வேண்டும். பதினான்குக்குக் கீழே பெற்றோர்தான் அறிக்கை கொடுக்க முடியும். ஐந்து வயது முடிந்த பிள்ளையின் இணக்கம் இல்லாமல் அதைச் செய்ய முடியாது, பிள்ளையும் கூட இருக்க வேண்டும்.

பெற்றோர் பலர் பயப்படுவது ஊசி, மருந்து, அறுவைச் சிகிச்சை பற்றி. இந்தச் சட்டத்தில் அவை எதுவும் கிடையாது. மாறுவது பதிவேட்டில் உள்ள எழுத்துகள் மட்டுமே. சிகிச்சைக்கு வேறு மருத்துவ விதிகள் இருக்கின்றன.

கணவன், மனைவி, பிள்ளைகள்

திருமணம் அப்படியே செல்லும். 2017 அக்டோபர் முதல் ஒருபால் திருமணமும் இங்கே செல்லுபடியாவதால் யாரும் அதைக் கேள்வி கேட்க முடியாது. துணையின் சம்மதம் தேவையில்லை. பெற்றோர் என்ற உறவும் உரிமையும் கடமையும் மாறாது.

பழைய பெயரைச் சொல்லித் திரிபவர்கள்

சட்டத்தின் 13ஆவது பிரிவு, உங்கள் அனுமதியில்லாமல் முந்தைய பெயரையோ பதிவையோ வெளியிடுவதையும் தோண்டி எடுப்பதையும் தடுக்கிறது. உங்களுக்குத் தீங்கு செய்யும் நோக்கத்தோடு வேண்டுமென்றே வெளியிட்டால் 10,000 யூரோ வரை தண்டப்பணம் விதிக்கலாம். இதை அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம். வாய் தவறிச் சொல்வது குற்றமில்லை. அம்மா, அப்பா, முன்னாள் துணை போன்ற நெருங்கியவர்களுக்கு விதிவிலக்கும் இருக்கிறது. வீட்டில் அம்மா பழைய பெயரால் கூப்பிடுவதை எந்த ஸ்டாண்டெஸ்அம்ட்டும் நிறுத்தாது. ஆனால் உங்கள் பழைய படத்தையும் பெயரையும் உள்ளூர்த் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் கேலிக்காகப் போடுபவர் வேறு விஷயம். திரைப்பிடிப்பு, தேதி, அனுப்பிய எண் எல்லாவற்றையும் அன்றே சேமித்து வைத்துக்கொண்டு ஆலோசனை மையத்துக்குப் போங்கள்.

வேலை இடத்தில், வீடு தேடும்போது, கடையில் பாகுபாடு நடந்தால் 2006ஆம் ஆண்டின் பொதுச் சமத்துவச் சட்டம் பொருந்தும். இதற்குப் பெயர் மாற்றம் முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. காலக்கெடு மட்டும் மிகக் குறுகியது: இழப்பீடு கேட்பதென்றால் இரண்டு மாதத்துக்குள் கேட்க வேண்டும். நம்மவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்கும்போது இரண்டு மாதம் போய்விடும். பொறுத்துப் பார்ப்பதென்றாலும், கோரிக்கையை எழுதி அனுப்பிவிட்டுப் பொறுத்துப் பாருங்கள். மத்திய பாகுபாடு எதிர்ப்புப் பணியகம் இலவசமாக வழிகாட்டும்.

சானா, உடைமாற்றும் அறை, விளையாட்டுக் கழகம் இவற்றை இந்தச் சட்டம் அந்தந்த இடத்தின் விதிகளுக்கே விட்டுவிட்டது. பதிவு மாறினால் எல்லாக் கதவும் தானாகத் திறக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இப்போது அறிக்கை கொடுக்க முடியாதவர்கள்

தஞ்ச வழக்கில் இருப்பவர்களும் டுல்டுங் வைத்திருப்பவர்களும் டிகிடிஐ என்ற திருநர் அமைப்பின் துணை அடையாள அட்டையை எடுக்கலாம். நீங்கள் பயன்படுத்தும் பெயரும் பால்நிலையும் படமும் அதில் இருக்கும். அரசு அடையாள ஆவணத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். காவல்துறைச் சோதனையிலும் மருத்துவரின் வரவேற்பறையிலும் இது பேச்சைக் குறைக்கும். 

தஞ்சம் கேட்டிருப்பவர், திருநர் என்ற காரணமும் இருக்குமானால் விசாரணையில் அதைச் சொல்ல வேண்டும். வெட்கத்தாலோ, பக்கத்தில் இருக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் யாருக்குச் சொல்வாரோ என்ற பயத்தாலோ பலர் இதை மறைத்து, பின்னால் சொல்லும்போது ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்கப்படுகிறார்கள். பால்நிலை சார்ந்த துன்புறுத்தலுக்கென்று கூட்டாட்சிக் குடிவரவு அலுவலகத்தில் சிறப்பு அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மொழிபெயர்ப்பாளரை மாற்றவும் கேட்கலாம். விசாரணைத் தேதிக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

தகுதி இருந்தும் ஸ்டாண்டெஸ்அம்ட் மறுத்தால், மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் வாங்குங்கள். குடிசார் பதிவுச் சட்டத்தின் 49ஆவது பிரிவின்படி, அறிக்கையை ஏற்கும்படி அலுவலகத்துக்கு உத்தரவிட மாவட்ட நீதிமன்றத்தைக் கேட்கலாம். வருமானம் குறைந்தவர்கள் தாங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் பெராட்டுங்ஸ்ஹில்ஃப என்ற ஆலோசனை உதவிச் சீட்டுக்கு விண்ணப்பித்தால், வழக்கறிஞருக்குக் கையிலிருந்து அதிகபட்சம் 15 யூரோ கொடுத்தால் போதும். திருநர் விவகாரமும் வதிவிடச் சட்டமும் இரண்டும் தெரிந்த வழக்கறிஞர் கிடைப்பது கடினம். டிகிடிஐ, புண்டெஸ்ஃபெர்பாண்ட் ட்ரான்ஸ், எல்எஸ்விடி ஆகிய அமைப்புகளிடம் உங்கள் ஊருக்கு யாரைப் பரிந்துரைப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.